இரண்டு பத்தும் ஒரு டிரில்லும்

அம்மாவுக்கு என் தையல் மெஷின் சத்தம் நிற்கக் கூடாது. அது ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் உள்ளறையிலிருந்து, "என்னா பாப்பா?" என்று குரல் வரும். நூல் அறுந்திருக்கும், அல்லது கீழே ரொட்டிக்காரர் ஹாரன் அடித்திருப்பார், நான் ஜன்னலுக்குப் போயிருப்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெடலில் காலை வைப்பேன். ஜெலுத்தோங்கில் நாலாவது மாடி ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. என் கல்யாணப் பேச்சை எல்லாரும் மறந்திருந்தார்கள், நானும் நிம்மதியாக மறந்திருந்தேன். ரவிக்கை, பள்ளிக்கூடச் சட்டை, அவ்வப்போது கோயில் திருவிழாவுக்குப் பாவாடை தாவணி என்று தைத்தே காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் மத்தியானங்களை இப்போது நினைத்தாலும் கண் சொக்குகிறது. கண்ணாடிச் சட்ட ஜன்னல் வழியாக வெயில் பட்டை பட்டையாகத் தரையில் விழும். கடல் வற்றியிருந்தால் சேற்று வாசம் மாடிக்கு ஏறி வரும். பக்கத்து வீட்டில் ஹொக்கியன் சீனத்தில் ரேடியோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் யாரோ யாரையோ ஏமாற்றிவிட்டார்கள் என்பது மட்டும் குரலிலேயே தெரியும். அம்மா பொருள்களைத் தொட்டுத் தொட்டு நடப்பாள். அலமாரியை ஒரு தட்டு, மேசையை ஒரு தடவல், கதவு நிலையில் ஒரு கை. சின்ன வயதில் நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். எல்லாம் இருக்குதா என்று கணக்கெடுக்கிறாளோ என்று நினைத்ததுண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், மார்க்கெட்டில் மீன் கழுவிய தண்ணீரில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வீடு எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில். தரைவீடு, அகலமான பாத்ரூம், கூடமாட அண்ணி. எல்லாம் நியாயம்தான். நானும் தலையாட்டினேன். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் அம்மா வரவில்லை. மெஷினை நிறுத்தினால் கேட்க ஆளில்லாமல் போயிற்று. வேண்டுமென்றே நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும்.

ஒரு நாள் போனில் கேட்டேவிட்டேன். "எப்பம்மா வர்ற?"

"வந்து என்னா செய்யிறது?" என்றாள் அம்மா. "நீ மெஷினை விட்டுட்டு எந்திரிச்சி வந்து என் கையைப் பிடிச்சி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவ. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. உன் பொழப்பு என்னா ஆவறது? நானா நடந்து போக முடிஞ்சா வர்றேன். முடியாட்டி இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் கம்பியை அவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "ரெண்டு காலே சொன்ன பேச்சு கேக்கல, நாலு கால் எதுக்கு" என்பாள். எங்கள் வீட்டில் அதை வைத்து நடக்க இடமும் கிடையாது. துணி மூட்டை, நூல் பெட்டி, தைத்தது, தைக்காதது என்று வழியெல்லாம் என் சாமான்தான்.

வேண்டியது ஒரு கைப்பிடிக் கட்டை. அம்மா அறையின் கதவிலிருந்து பாத்ரூம் கதவு வரை, இடுப்பு உயரத்தில் சுவரில் நீளமாக ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே போய் வந்துவிடலாம். அண்ணன், "நான் வந்து அடிச்சித் தர்றேன்லா" என்றார். அவர் ஜுருவில் கார் விற்கும் இடத்தில் வேலை செய்தார். சனி, ஞாயிறுதான் அங்கே கூட்டம். மூன்று வாரம் "இந்த வாரம் வர்றேன்" என்று சொன்னார். நாலாவது வாரம் புதுசாக ஒன்று சொன்னார்.

"வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழமை அம்மாவை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். அவங்களா நடந்து காட்டட்டும். சரியா வந்தா இருக்கட்டும். வரலைன்னா சாயங்காலம் திரும்ப ஏத்திட்டு வந்திடுவேன். அப்புறம் நீயும் மனசை அலட்டிக்கக் கூடாது."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த கையோடு முடிவு செய்தேன்: ஒருத்தர் காலையும் பிடிக்கப்போவதில்லை, நானே டிரில் வாங்கி நானே ஓட்டை போடுவேன்.

கீழ்வீட்டுத் தம்பியிடம் பெரிய டிரில் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்பவர், கைவேலை தெரிந்தவர். "அக்கா, சொன்னா வந்து போட்டுத் தர்றேன்" என்று முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் வருவார் என்று பெருமையாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். இப்போது போய் நிற்க வாய் வரவில்லை. அதோடு அது வயர் உள்ள டிரில். பாத்ரூம் பக்கம் எங்களுக்குப் பிளக் கிடையாது. ஹாலிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு ஈரத்தரையில் நிற்க வேண்டும். சின்ன வயதில் பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்று என்னை உதறித் தள்ளியிருக்கிறது. தண்ணீரையும் கரெண்டையும் ஒரே இடத்தில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முழங்கை விறுவிறுக்கும்.

வயரில்லாத டிரில் என்று ஒன்று வந்திருப்பதை நாளிதழுக்குள் செருகி வந்த கடை விளம்பரத்தில்தான் பார்த்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு படம். பேட்டரியில் ஓடும், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்று போட்டிருந்தது. அந்தத் தாளை வெட்டி மெஷின் மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். தைக்கும்போது இழுப்பறையைத் திறந்து திறந்து பார்ப்பேன். ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே மனசு சுவர்களில் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். கைப்பிடிக்குப் பிறகு ஒரு சின்னத் தட்டு, அதன் மேல் அம்மாவின் ரேடியோ. ஜன்னல் பக்கம் ஒரு கொக்கி, அதில் ஒரு செடி. ஓட்டையே இல்லாத அந்த வீட்டை நான் கனவில் சல்லடை ஆக்கிவிட்டேன்.

முதலில் டவுனில் கொம்தார் மாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிர் காற்று, பளபளப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் அஞ்சாறு டிரில். அங்கே நின்ற பெண்ணுக்கு டிரில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் நல்லது என்றாள். அட்டைப் பெட்டிகளில் நம்பர் போட்டிருந்தது. ஏழு புள்ளி இரண்டு, ஒன்பது புள்ளி ஆறு, பன்னிரண்டு. நம்பர் கூடக்கூட பலமும் கூடும், விலையும் கூடும், கையில் கனமும் கூடும் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. பன்னிரண்டைத் தூக்கிப் பார்த்தேன். தலைப்பிள்ளை மாதிரி கனத்தது. விலையைப் பார்த்ததும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஜெலுத்தோங்கிலேயே, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். அந்தக் கடை முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், ஒல்லியான சீனர், எப்போதும் வெள்ளை பனியன். என் மெஷினுக்குத் திருகாணி, எண்ணெய், பெல்ட் எல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். இருபது வருடப் பழக்கம். நாங்கள் பேசுவது மலாய். அவருடைய மலாயும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அவரிடம் மூன்று இருந்தன. மூன்றையும் பலகை மேல் வரிசையாக வைத்தார். எனக்கு நம்பர் தெரியாவிட்டாலும் மோட்டார் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து மோட்டார் சத்தத்தோடு வாழ்கிறேன். ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லிக் காதருகே வைத்துக் கேட்டேன். முதலாவது கரகரத்தது, உள்ளே ஏதோ பல் தேய்ந்த மாதிரி. இரண்டாவது நல்ல சத்தம், ஆனால் கனம். மூன்றாவது பச்சை நிறம், கொஞ்சம் பொம்மை மாதிரி இருந்தாலும் சத்தம் சீராக, கீழ்க்குரலில் வந்தது. விரலை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றியது, அழுத்தி அமுக்கினால் வேகமெடுத்தது. என் பெடல் செய்வதும் அதுதான். கையை நேராக நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு ஐம்பது எண்ணினேன். நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிற கை என்னுடையது, அது தாழாமல் நின்றது. டிரில்லின் மூக்கில் துளைக்கிற ஊசியை மாட்ட ஒரு சின்னச் சாவி வேண்டும். அந்தச் சாவியை ரப்பர் பேண்ட் போட்டு உடம்போடு கட்டி வைத்திருந்தார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் என் கத்தரியை நாடா போட்டு மெஷினோடு கட்டித்தான் வைத்திருப்பேன்.

"ஒரு தரம் சார்ஜ் பண்ணினா எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். ஐந்து மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும் என்று ஐந்து விரலைக் காட்டினார். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வானத்தைப் பார்த்தார்.

கடைசியாக, முக்கியமான கேள்வியைக் கேட்டேன். எங்கள் ஃபிளாட்டின் சுவர் மொத்தமும் கான்கிரீட். மலாயில் கல்லுக்கு 'பத்து' என்பார்கள். கல்சுவருக்கும் அதே சொல்தான். 'இனி' என்றால் இது, 'போலே' என்றால் முடியும். அதனால் சுருக்கமாக, "தவுக்கே, இனி பத்து போலே?" என்றேன். இது கல்லில் இறங்குமா என்று அர்த்தம்.

தவுக்கே என்னை ஏதோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "போலே லா. மெமாங் பக்காய் பத்து" என்றார். பத்துக்குத்தான் இது, சந்தேகமே வேண்டாம் என்று என் காதில் விழுந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்து பச்சை டிரில்லை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்று தோன்றியது. அந்த நடையை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

அன்று மத்தியானம் சார்ஜரில் போட்டேன். சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் எதிரில் உட்கார்ந்து பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் உலை வைத்துக் காத்திருப்பது போல ஒரு சுகம். வெயில் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சுவரேறின. கைப்பிடிக்காகத் தச்சுப் பட்டறையில் இழைத்து வாங்கிய நீளக் கட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது. சுவரில் சாக்குக்கட்டியால் எட்டுப் புள்ளி வைத்திருந்தேன், துணியில் காஜா எடுக்கக் குறி வைப்பது போல. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு பாவாடையின் ஓரத்தைத் தலைகீழாக அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். வெள்ளிக்கிழமை காலையில் முதல் புள்ளியில் டிரில்லை வைத்து அழுத்தினேன். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது. மாவு மாதிரி வெள்ளைப் பொடி என் கையில் கொட்டியது. எனக்குச் சிரிப்பாக வந்தது, இவ்வளவுதானா என்று. பிறகு அது நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, ஊசி சுற்றுகிறது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. உடம்பையே சாய்த்து அழுத்தினேன். கீச்சென்று கத்தியது. கருகல் வாசம் வந்தது. எடுத்துப் பார்த்தால் ஊசியின் முனை நீலமாகிப்போய் மழுங்கியிருந்தது. இன்னொரு ஊசி, இன்னொரு புள்ளி. சார்ஜ் தீரும் வரை நாலு புள்ளியில் முயன்றேன். சுவரில் நாலு சின்னப் பள்ளம், அம்மைத் தழும்பு மாதிரி. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நெல் ஆழம்கூட இல்லை.

பெட்டியோடு எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். போகும்போதே திட்ட வேண்டியதையெல்லாம் மலாயில் கோத்துக்கொண்டு போனேன். பாதிச் சொல் கிடைக்கவில்லை, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"நீ பத்து போலேன்னு சொன்ன" என்றேன்.

"ஆமா. போலே" என்றார் தவுக்கே.

"எங்க போலே? பத்துல இறங்கவே இல்ல."

"பத்து நல்ல பத்து. புது பத்து" என்றார். டிரில்லை வாங்கி, பிடியின் அடியிலிருந்து பேட்டரியைப் படக்கென்று உருவி என் முன் வைத்தார். "இதோ பத்து. இது கெட்டுப்போச்சா?"

நான் பேட்டரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் டார்ச் லைட்டுக்கும் கடிகாரத்துக்கும் போடுகிற பேட்டரிக்கட்டைக்கும் 'பத்து' என்றுதான் பெயர். எனக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். சாமி அறைக் கடிகாரம் நின்றால் நானே, "பத்து தீந்துபோச்சி" என்பேன். நான் கேட்டது கல்லில் இறங்குமா என்று. அவர் கேட்டுக்கொண்டது பேட்டரியில் ஓடுமா என்று. 'பக்காய்' என்றால் பயன்படுத்துவது. பத்துக்குப் பயன்படும் என்று நான் எடுத்துக்கொண்டேன், பத்தைப் பயன்படுத்தும் என்று அவர் சொன்னார். தமிழாக இருந்திருந்தால் ஒரு வேற்றுமை உருபு வந்து என்னைக் காப்பாற்றியிருக்கும். மலாயில் அந்தத் தொல்லையே கிடையாது, சொல் சும்மா நிற்கும், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவுக்கே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டைபோட்டிருப்பேன். பனியனை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். கல்சுவர் என்றால் வயர் உள்ளதுதான் வேண்டும், உள்ளேயிருந்து சுத்தியல் மாதிரி தட்டிக்கொண்டே துளைக்கும் பெரிய டிரில். அதை நீ பிடித்தால் அது உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இது சின்னது. இது 'காயு', மரத்துக்கு. மரம் என்றால் வெண்ணெய் மாதிரி இறங்கும். துளை போட்டதை அவர் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது, நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பெருமையையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டுக் கீழ்வீட்டுத் தம்பியின் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. அவர் பெண்சாதியின் வீட்டில் விசேஷம், குடும்பத்தோடு பத்து காவான் எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார்கள், திங்கட்கிழமைதான் வருவார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பத்து காவான். அந்த ஒரு பத்துதான் பாக்கி இருந்தது, அதுவும் என் கழுத்தை அறுத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தவும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் காரில் அம்மா ஏறிப்போவதைப் பார்த்துவிட்டேன், அப்போதே, கண் முன்னால். கார் பாலத்தில் ஏறுகிறது, அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன், யாரும் இல்லாத வீடுதானே.

அழுது முடித்ததும் எழுந்திருக்க அலமாரியில் கை வைத்தேன். வைத்த இடத்திலேயே கை நின்றது. அம்மா தினமும் தட்டுகிற இடம் அது. அங்கே வார்னிஷ் போய் மரம் வழுவழுவென்று இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா மாதிரி நடக்க ஆரம்பித்தேன். இடுப்பைச் சாய்த்து, ஒரு காலை இழுத்து. கட்டில் சட்டம். அலமாரி. கதவு நிலை. வெளியே வந்ததும் சாப்பாட்டு மேசை. அதைத் தாண்டியதும் என் துணி வைக்கும் மர அடுக்கு. மழைச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டில் நடந்தது தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. கை போய் விழுந்த இடமெல்லாம் மரம். முப்பது வருடமாக அம்மா தொட்டுத் தொட்டு நடந்ததெல்லாம் மரம்தான். சுவரை அவள் தொட்டதே இல்லை.

மழை விடுவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தவுக்கேயிடம் ஓடினேன். கதவுக்கு வைக்கும் பெரிய இரும்புக் கைப்பிடி ஏழு கேட்டேன். ஏழு கதவா என்று கேட்டார். கதவு இல்லை, அம்மாவுக்கு என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல், நீளத் திருகாணிகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு ஊசியில் துளைக்க வேண்டும் என்று விரல் நுனியில் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை என் வாழ்க்கையின் நல்ல நாள்களில் ஒன்று. டிரில் மரத்தில் இறங்கியபோது வந்த சத்தத்தை என்னவென்று சொல்வது. முணுமுணுப்பு மாதிரி இருந்தது. சுருள் சுருளாக மரத்தூள் வெளியே வந்தது, பழைய மர வாசம் அறை முழுக்கப் பரவியது. அது அம்மாவின் புடவை வாசம்தான், அலமாரிக்குள் இத்தனை வருடம் ஊறிக் கிடந்தது. இரண்டு கைப்பிடி மாட்டினால் சார்ஜ் தீர்ந்துவிடும். ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மீன் வாங்கினேன், வீடு துடைத்தேன், சிவப்பு விளக்கைப் பார்த்தபடி தரையில் படுத்துக் கண்ணயர்ந்தேன். இரண்டு தடவை சார்ஜ் ஏறுவதற்குள் பொழுது போய்விட்டது. மீதியை ஞாயிறு விடிந்ததும் மாட்டினேன். கட்டிலில் ஒன்று, அலமாரியில் ஒன்று, அம்மா அறையின் கதவு நிலையில் ஒன்று, மேசை விளிம்பில் ஒன்று, துணி அடுக்கில் ஒன்று, பாத்ரூம் கதவு நிலையில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே போய்விட்டால் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு இருக்கிறது, பயமில்லை. மேசையும் அடுக்கும் நகராதபடி தரையோடு முட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் பிடித்து முழு உடம்போடு தொங்கிப் பார்த்தேன்.

ஒரே ஒரு இடம்தான் மிச்சம். துணி அடுக்குக்கும் பாத்ரூம் நிலைக்கும் நடுவில் இரண்டு எட்டு. அங்கே மரமே இல்லை, வெறும் கான்கிரீட். அங்கே எந்தச் சாமானைக் கொண்டு வைத்தாலும் வழி அடைபடும். என் நாலு பள்ளங்கள் அங்கேதான் இருந்தன. இரண்டு எட்டுத்தானே, சமாளித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை.

பதினோரு மணிக்கு வந்தார்கள். லிஃப்டிலிருந்து அண்ணன் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். அம்மா இளைத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார்.

"என்னா இது, ரயில் பெட்டி மாதிரி எல்லா இடத்துலயும் கைப்பிடி?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பத்துக் கதையை மொத்தமும் சொன்னேன். தவுக்கே பேட்டரியை உருவி என் மூக்குக்கு முன்னால் நீட்டியதைச் சொன்னபோது அண்ணன் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. கட்டிலில் மாட்டியிருந்த கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "சரி, போய்ப் பாக்கிறேன்" என்று எழுந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் தள்ளி நின்றோம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். நான் என் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அது தானாகப் போய்விடும். கட்டில், அலமாரி. அலமாரியில் கைப்பிடி இருந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம், பார்க்காமலே பிடித்தாள். கதவு நிலை. மேசை. முகத்தில் வலி தெரிந்தது, ஆனால் நிற்கவில்லை. துணி அடுக்கைப் பிடித்தாள். அடுத்த கைக்கு ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்தாள், பள்ளங்களைப் பார்த்தாள், பாத்ரூம் நிலையைப் பார்த்தாள். கால் நடுங்க ஆரம்பித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காரும் பாலமும் இருந்தன.

நான் என்னை அறியாமல் ஓடி, அந்த வெறும் சுவரோரம் போய் நின்று கையை நீட்டினேன்.

"என்னைப் பிடிக்காத" என்றாள் அம்மா.

கையை இறக்கினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பிடிக்காத. அங்கேயே நில்லு. அசையாத." அடுக்கிலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்தாள். விரல்கள் அழுந்தின. அடுத்த எட்டில் என் மேல்கைக்கு மாறினாள். அதற்கடுத்த எட்டில் பாத்ரூம் நிலைக் கைப்பிடிக்குப் போய்விட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அண்ணன் அம்மாவின் துணிப்பையைக் காரிலிருந்து எடுத்து வரக் கீழே போனார். பையை முன்பே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனசுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன். பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன், மூன்று வாரம் வரவில்லை அல்லவா.

திங்கட்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுத் தம்பி வந்தார். பத்து காவானிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் ஒரு கையில், அந்தப் பெரிய வயர் டிரில் மறு கையில். எதிர்வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, சுவர்ல ஓட்டை போடணும்னு தேடுனீங்களாம். கட்டையைக் காட்டுங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

கட்டை இன்னும் அங்கேதான் சாய்ந்திருந்தது. நான் மெஷினை நிறுத்தி எழுந்தேன். அந்த இரண்டு எட்டுக்கு ஒரு கட்டை அடித்துவிட்டால் நான் எழுந்து போகவே தேவையில்லை. அம்மா ஆசைப்பட்டபடி மெஷின் நிற்காமல் ஓடும். அதற்குத்தானே இத்தனை பாடும்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேணாம் தம்பி. அங்க பத்து இருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். வாழைப்பழத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அலமாரிக் கைப்பிடி கிரீச்சிட்டது. பிறகு கதவு நிலை, பிறகு மேசை. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் அந்த வெறும் சுவரோரம் நின்றேன். அம்மா என்ன என்று கேட்கவில்லை.